கூரைமேல் நடந்தது யார்? எட்டு மாதம் பயன்படுத்திய ஓர் இரவுக் கேமரா

என் வீட்டுப் பின்சுவரில் எட்டு மாதங்களாக ஒரு தானியங்கிக் கேமரா இருக்கிறது. காட்டு விலங்குகளைக் கணக்கெடுக்க ஆய்வாளர்கள் மரத்தில் கட்டிவைக்கும் வகைதான், சற்றுச் சிறியது. நான் அதை ஆசைப்பட்டு வாங்கவில்லை, பயந்து வாங்கினேன். நள்ளிரவு தாண்டியதும் கூரைமேல் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்கும். அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் திருடன் என்றார். நான் பெருச்சாளி என்று நினைத்தேன்.

மூன்றாம் இரவு விடை கிடைத்தது. மரநாய்! தாயும் இரண்டு குட்டிகளும். ஒரு குட்டி கூரை விளிம்பிலிருந்து சுவருக்குத் தாவிவிட்டது. மற்றது முன்னங்காலை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாகத் தவித்தது. முன்னே போய்விட்ட தாய் திரும்பி வந்து, பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போயிற்று. பதினைந்து விநாடிப் படம். அம்மா நான்கு முறை போட்டுப் பார்த்தார்.

மறுநாள் கூண்டு வைக்க ஆள் வருவதாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாயை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தால் குட்டிகள் எங்கள் தலைக்கு மேலேயே பட்டினி கிடந்து செத்திருக்கும். நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

கருவிக்கு வருகிறேன். உடல்சூடு நகர்வதை உணர்ந்துதான் இது படமெடுக்கிறது. ஆகவே விலங்கு குறுக்கே கடக்கும்படி வைக்க வேண்டும். நேர் எதிரே வந்தால் தாமதமாகவே விழித்துக்கொள்கிறது. இது தெரியாமல் முதலில் நடைபாதையை நேராகப் பார்த்து வைத்தேன். கிடைத்தவை வெறும் வால்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தும் பயனில்லை, அந்தச் சூடு கண்ணாடியைத் தாண்டி வராது. கொளுத்தும் பகலில் தரையின் சூடும் விலங்கின் சூடும் ஒன்றாகிவிடுவதால் கீரி ஓடினாலும் தவறவிடுகிறது.

பாம்புக்காக இதை வாங்க நினைப்பவர்களுக்கு அழுத்தமாகச் சொல்கிறேன்: நம்பாதீர்கள். பாம்பின் உடல்சூடு சுற்றுப்புறத்தை ஒட்டியே இருப்பதால் பெரும்பாலும் சிக்காது. படம் இல்லை என்பதற்காகப் பாம்பு இல்லை என்று எண்ணி இருட்டில் வெறுங்காலோடு இறங்கிவிடக் கூடாது.

இருட்டில் படமெடுக்க இது வீசும் அகச்சிவப்பு விளக்கில், ஒளியின் அலைநீளத்தைப் பொறுத்து இரண்டு வகை உண்டு. 850 நானோமீட்டர் விளக்கு தூரம் எட்டும், ஆனால் மங்கிய சிவப்புப் புள்ளியாகத் தெரியும். 940 மனிதக் கண்ணுக்குத் தெரியாது. எட்டும் தூரம் குறைவு. சின்னக் கொல்லைக்கு 940 போதும் என்று அதையே எடுத்தேன், வருத்தமில்லை. இரவுப் படம் கறுப்பு வெள்ளைதான்.

உடற்கட்டில்தான் எனக்குக் கோபம். மழை தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். முதல் பெருமழையிலேயே லென்ஸின் உட்புறம் நீராவி படிந்தது. மூன்று முறை கடிதம் எழுதியும் தயாரிப்பாளரிடமிருந்து பதில் இல்லை. மேலே ஒரு தகரத் துண்டைக் கூரைபோல் வளைத்து நானே பொருத்தினேன். சிலந்தியும் ஓயாத தொல்லை. லென்ஸின் முன்னால் ஒரே ஓர் இழை கட்டினாலும் இரவில் அது வெள்ளைக் கம்பியாகப் படத்தை மறைக்கிறது. வாரம் ஒருமுறை துணியால் துடைக்கிறேன்.

அடுத்த வீட்டு ஜன்னல் படத்தில் விழாதபடி சாய்த்து வைத்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் முதல் நாளே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறையிருந்தும் மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க ஒரு காரணம் இருக்கிறது. குட்டிகள் வளர்ந்ததும் கூரை இடுக்கை அடைக்க வேண்டியிருந்தது. உள்ளே ஒன்று சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? கேமராவை இடுக்கின் பக்கம் திருப்பினேன். ஒரு மாலை மூன்றும் வெளியேறுவது பதிவாயிற்று. அதன்பின் ஏழு இரவுகள் எதுவும் திரும்பவில்லை. உள்ளே சத்தமும் இல்லை. எட்டாம் நாள் காலை டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கம்பிவலை அடித்தேன்.

கேமரா இப்போது கொல்லை மரத்தைப் பார்த்திருக்கிறது. தாய் அங்கே வருகிறது.