வீட்டுப் பந்தலா, கல்யாண மண்டபமா: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கணக்கு

நிச்சயம் முடிந்ததும் இரண்டு வீட்டாரும் முதலில் இழுபடுவது இதில்தான்: பெண் வீட்டு வளவில் பந்தல் போடுவதா, மண்டபம் பிடிப்பதா? எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டோம். மாதம் சரியாக அமைந்தால் அடுத்த கல்யாணத்துக்கும் பந்தல்தான். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். ஆனால் "மாதம் சரியாக அமைந்தால்" என்ற நிபந்தனையைச் சும்மா சேர்க்கவில்லை. முழுக் கணக்கும் அதில்தான் நிற்கிறது.

மண்டபத்தின் வசதிகளை விரிக்கத் தேவையில்லை. கூரை, கதிரை, மேசை, மலசலகூடம், வாகனம் நிறுத்த இடம் எல்லாம் தயாராக இருக்கும். முடிந்தபின் கூட்டிக் கழுவும் வேலையும் இல்லை. முற்பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை சில உண்டு. வாடகை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை? முதல் நாள் இரவே மணவறை சோடிக்க விடுவார்களா, அல்லது முதல் நாள் அங்கே வேறு விசேஷமா? விடிகாலை முகூர்த்தம் என்றால் இந்த ஒரு கேள்வியே போதும், மண்டபம் சரிவருமா வராதா என்று தெரிந்துவிடும். வெளிச் சமையற்காரரை விடுவார்களா? கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் யார் செலவு? ஓமத்துக்கு இடம் எங்கே? ஏ.சி. மண்டபத்தில் கதவு யன்னல் எல்லாம் அடைத்திருப்பதால் ஓமப்புகை வெளியே போக வழி இருக்காது. மாபிள் தரையில் நேரே நெருப்பு மூட்டினால் சூட்டில் வெடிக்கும். செங்கல் அடுக்கி அதன்மேல் மணல் பரப்பிய பிறகுதான் ஓமகுண்டம் வைக்க வேண்டும்.

மண்டபம் பிடித்தால் வீட்டு வேலை மிச்சம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை. தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்கு மாப்பிள்ளை வீட்டில்தான். கன்னிக்கால் என்ற மங்கலக் காலை இரண்டு வீட்டிலும் ஊன்ற வேண்டும். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வந்து சேர்வதும் பெண் வீட்டுக்குத்தான். அந்த ஒவ்வொரு நாளும் சொந்தம் கூடும், சாப்பாடு இருக்கும், நிழல் வேண்டும். ஆகவே மண்டபக்காரருக்கு வாடகை கொடுத்த பிறகும் வீட்டில் ஒரு சின்னப் பந்தல், கொஞ்சக் கதிரை, ஒரு சமையல் என்று செலவு நிற்கும்.

நம்முடைய பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. வீடு சீதனமாகப் பெண்ணுக்குப் போகும். கல்யாணத்துக்கு முன்னர் அந்த வீட்டைத் திருத்துவது எப்படியும் நடக்கும் காரியம். பந்தல் போடுவதென்று முடிவெடுத்தால் கூடுதல் மலசலகூடம் ஒன்று, ஆயிரம் லீற்றர் தாங்கி, குசினிக்குப் பின்னால் சீமெந்துத் தரை, வெளியே தனி வயர் லைன் என்று செய்வோம். அந்தக் காசு அந்தத் தம்பதியின் வளவிலேயே தங்குகிறது. மண்டப வாடகை ஒரு நாளோடு போய்விடும். எங்களைப் பந்தல் பக்கம் சாய்த்தது இந்த எண்ணம்தான்.

ஆனால் முடிவெடுக்க வேண்டியது காசை வைத்து அல்ல, வளவுக்கு அடியிலுள்ள தண்ணீரை வைத்து. மழை என்றதும் எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள். பந்தல் கல்யாணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மேலிருந்து வரும் தண்ணீர் அல்ல, கீழே இருப்பது.

மட்டக்களப்பின் வருட மழையில் பாதிக்கும் மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல் திட்டு. கார்த்திகை பாதியில் கிணற்றைப் பாருங்கள்; வாளியைக் கையாலேயே எட்டிக் கோலலாம் போலிருக்கும். கிணற்றில் எந்த மட்டத்தில் தண்ணீர் நிற்கிறதோ ஏறத்தாழ அதே மட்டத்தில்தான் மலக்குழியைச் சுற்றியும் நிற்கும். குழியிலிருந்து ஊறிப் போக இடம் இல்லாததால் சாதாரண நாளிலேயே மலசலகூடம் மெதுவாகத்தான் இறங்கும். முந்நூறு பேர் வரும் நாளில் காலை பத்து மணிக்கே நிரம்பி நிற்கும். மலக்குழி உறிஞ்சும் வண்டியான கலி பவுசரை வைத்து முதல் நாள் உறிஞ்சி எடுத்தாலும் அடியில்லாத ஊறுகுழி என்றால் நிலத்தடித் தண்ணீர் ஓரிரவில் திரும்ப நிரப்பிவிடும். இதற்கு எந்தக் காசாலும் மருந்தில்லை.

அதே வளவு மாசி கடைசியில் வேறு வளவு. தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும், மணல் எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னர் குழியை எடுப்பித்துவிட்டால் இரண்டு மலசலகூடமும் ஆண்களுக்கென்று பின்வளவில் ஒரு தற்காலிகச் சிறுநீர் மறைப்பும் முந்நூறு பேருக்குப் போதும். பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ கலி பவுசருக்கு முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் கணக்குக் கொஞ்சம் மாறும். அங்கே பல இடங்களில் களிமண். கோடையிலும் கைகழுவும் தண்ணீர் நிலத்தில் இறங்காமல் சேறாகும். கைகழுவும் குழாயை வாய்க்கால் பக்கமாகவோ வாழை, தென்னை நிற்கும் பக்கமாகவோ கொண்டுபோங்கள். ஓர் அங்குலக் குழாயில் எட்டுத் திருகுபைப், ஒவ்வொன்றுக்கும் இரண்டடி இடைவெளி, காலடியில் சல்லிக்கல் ஒரு கட்டு. பட்டுச்சேலைக் கரை சேறாகாமல் இருக்க அந்தச் சல்லிதான் வழி.

தேவையான தண்ணீர் எவ்வளவு? சமையல், பாத்திரம், குடிக்க, கைகழுவ, மலசலகூடம் எல்லாம் சேர்த்து ஆளுக்குப் பதினைந்து லீற்றர் என்று வையுங்கள். முந்நூறு பேருக்கு 4,500 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்றை நம்பி இறங்கினால் நடுப்பந்தியில் குழாய் காற்றுத்தான் விடும். ஒரு தாங்கி வாடகைக்கு எடுத்து, கிணற்று மோட்டரும் தயாராக இருந்தால் சமாளிக்கலாம். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கலந்ததாகவோ சுண்ணாம்புக் கடினமாகவோ இருந்தால் பருப்பு இலகுவில் மசியாது, சோறும் நிறம் மாறும். சமையலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரை முதல் நாள் இரவே பிடித்து மூடி வையுங்கள்.

மேலிருந்து வரும் தண்ணீருக்குச் சுருக்கமாக ஒரு விதி: தட்டையாகக் கட்டிய தறப்பாள் ஆபத்து. இரண்டு மீற்றர் நீள அகலத்தில் பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கினால் அதன் நிறை 400 கிலோ. பைப் சட்டம் வளைவது அதனால்தான். ஆறடிக்கு ஓரடி சரிவு கேளுங்கள். பந்தற்காரர் மணலில் வெறும் ஆப்பு அடித்தால் காற்றில் பிடுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு காலடியிலும் மணல் மூட்டை வேண்டும். ஆனி, ஆடி, ஆவணியில் மழை பயம் குறைவு, ஆனால் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று உண்டு. மேற்குப் பக்கத்தை மறைத்து மணவறையைக் கிழக்குப் பார்க்க வைத்தால் ஓமப்புகை பெண் மாப்பிள்ளை முகத்தில் அடிக்காது. பந்தலுக்கு மேலே தென்னை நின்றால் முற்றிய தேங்காயையும் காய்ந்த ஓலையையும் முதலே பறிப்பித்துவிடுங்கள். இதை மறக்கவே கூடாது.

இடம் போதுமா என்பதை அளந்தே முடிவெடுங்கள். இருபது பேர்ச் வளவு 5,445 சதுர அடி. வீட்டுக்கு 1,500 போனால் மிச்சம் 3,900 சொச்சம். இருநூறு கதிரை, நடைபாதை, மணவறை சேர்ந்து 2,000. ஒரு பந்திக்கு நூறு பேர் மேசையில் சாப்பிட 1,200. சமையலுக்கு 400. இறுக்கமாக அடங்கும், வாகனத்துக்கு இடமில்லை. பக்கத்து வளவுக்காரரோடு நல்ல உறவிருந்தால் வேலியில் ஒரு கண்டத்தைக் கழற்றி அங்கே பந்தி வைப்பது நமது ஊர்களில் வழக்கம்தான். வேலியைத் திரும்பக் கட்டிக் கொடுக்கும் செலவையும் கணக்கில் எழுதுங்கள்.

கரண்டில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று. வீட்டு இணைப்புச் சாதாரணமாக முப்பது அம்பியர், அதாவது 6,900 வாட் வரைதான். விசிறி, பல்பு எல்லாம் சேர்ந்தாலும் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டாது. ஆனால் சவுண்ட்ஸ் ஒரு பக்கம், மணப்பெண் அறையில் ஏ.சி.யும் தலைமுடி காயவைக்கும் மெசினும் ஒரு பக்கம், அதற்குள் யாராவது கிணற்று மோட்டரைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அலங்கார பல்புச் சரத்தில் ஈரம் பட்டால் ட்ரிப் சுவிட்ச் வீடு முழுவதையும் இருட்டாக்கும். சரத்துக்குத் தனி லைன், தனி ட்ரிப் சுவிட்ச் போடுவித்தால் சரம் மட்டும் அணையும். ஜெனரேட்டர் எடுத்தால் சவுண்ட்ஸையும் பந்தல் விளக்கையும் அதில் கொடுத்துவிட்டு வீட்டு லைனை வீட்டுக்கே விடுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை போடக் கூடாது. விடிகாலை முகூர்த்தம் என்றால் மேளம் மைக் இல்லாமல் ஒலிக்கட்டும்.

சாப்பாட்டில் பந்தலுக்குத்தான் வெற்றி. மண்டபத்தில் தட்டுக் கணக்கை முன்னரே உறுதி செய்ய வேண்டும். குறைந்தாலும் அந்தக் காசு கட்ட வேண்டும், கூடினால் சமையலறை திணறும். நமது ஊர்க் கல்யாணத்தில் முந்நூறு பேருக்குச் சொல்லி முந்நூறே வருவதில்லை. தாய்வழியில் வரும் குடிவழிச் சொந்தம் ஒரு வீட்டுக்குச் சொன்னால் மூன்று வீடு வரும். வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப முடியாது. வீட்டில் கிடாரம் அடுப்பில் இருக்கும். ஒரு பந்தி கூடினால் இன்னும் பதினைந்து கிலோ அரிசி போட்டு நாற்பது நிமிடத்தில் வடிக்கலாம். முந்நூறு பேருக்கு அரிசி 45 கிலோ, பருப்பு 12 கிலோ, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு இருபத்தைந்து இருபத்தைந்து கிலோ, தேங்காய் 120, வாழையிலை 330 என்று தொடங்குங்கள். எருமைத் தயிரை முதல் நாள் மாலை எடுங்கள். காலையில் எடுத்தால் முட்டி வந்து சேர்வது பந்தி முடிந்த பிறகாகிவிடும். பாத்திரம் கழுவ மட்டும் தனியாக இரண்டு பேரைக் கூலிக்குப் பிடியுங்கள். சொந்தக்காரப் பெண்களின் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை. பந்தல் கல்யாணத்தின் உண்மையான குறை இதுதான்: வீட்டுப் பெண்கள் கல்யாணத்தைப் பார்க்காமல் குசினியிலேயே நின்றுவிடுகிறார்கள். கூலிக்கு ஆள் பிடிக்க மனமில்லாத வீடு மண்டபத்துக்குப் போவதே நல்லது.

நாள் குறிப்பதற்கு வருவோம். பந்தலென்றால் முதலில் ஊர்க் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரைக் கேளுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குக் கதவு திறந்தால் நிறைவுச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை ஊர் கோயிலோடு இருக்கும். பந்தற்காரரும் கதிரையும் சவுண்ட்ஸும் அங்கேதான். பெரும்போக அறுவடை நேரத்தில் வேலைக்கு ஆள் கிடைப்பது கடினம், அறுவடை முடிந்த கையோடு கையில் காசிருக்கும். ஆவணியில் நிச்சயம் செய்தவர்கள் தை பிறந்ததும் என்று அவசரப்படாமல் மாசி பிற்பகுதிக்குத் தள்ளினால் தண்ணீரும் இறங்கியிருக்கும், ஆயத்தத்துக்கு ஆறு மாதமும் கிடைக்கும். தை முதல் வாரங்களை நம்ப வேண்டாம் என்பதற்கு 2011 ஜனவரி வெள்ளம் போதும். எழுத்துக்கான, அதாவது கல்யாணப் பதிவுக்கான, அறிவித்தலை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்து மூன்று மாதத்துக்குள் பதிவு நடக்க வேண்டும்.

இவ்வளவும் முந்நூறு, முந்நூற்றைம்பது பேர்வரை பொருந்தும் கணக்கு. ஐந்நூறைத் தாண்டினால் பந்தலுக்காக இத்தனை உறுதியாக வாதாட மாட்டோம். மலசலகூடமும் வாகனமும் அப்போது வேறு பிரச்சினை.

கார்த்திகையில் அல்லது தை தொடக்கத்தில்தான் நாள், மாப்பிள்ளையின் லீவு அப்படித்தான், மாற்ற முடியாது என்றால் தயங்காமல் மண்டபம் பிடியுங்கள். மேட்டு நிலத்தில் உள்ளதா, வாசல் வீதி மழைக்குத் தாழுமா என்பதை ஒரு நல்ல மழை நாளில் போய்ப் பாருங்கள். வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு படுவான்கரைச் சொந்தம் வந்துபோவது இலகுவானது உண்மை. ஆனால் வெள்ளம் வந்தால் பாலத்துக்கு வந்து சேரும் உள்வீதிகள் தண்ணீருக்குள் போகும். 2024 நவம்பர் கடைசியில் அம்பாறைப் பக்கமும் வீதிகள் எப்படி மூழ்கின என்று எல்லோரும் பார்த்தோம். அதனால் மண்டபத்துக்கு முற்பணம் கட்டும்போது, வெள்ளத்தால் கல்யாணம் தள்ளிப்போனால் அதே காசுக்கு வேறு நாள் தருவோம் என்பதை ரசீதிலேயே எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாக விட வேண்டாம்.