ஈடியூ ஸ்க்ரீன்: மூண்டு வருசம் பாவிச்ச கதை

எங்கட ஈடியூவில, அதுதான் ஆஸ்பத்திரியின்ர அவசர சிகிச்சைப் பிரிவில, கொம்பியூட்டர் பூட்டி மூண்டு வருசமாச்சு. எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லமாட்டன், வன்னிக்குள்ளதான். முதல் ஆறு மாசமும் நல்லாத் திட்டித் தீர்த்தனான், டிக்கெற்றில (நோயாளியின்ர குறிப்புத் தாளில) எழுதினதையே திரும்பக் குந்தியிருந்து டைப் பண்ணோணும், அதுக்குள்ள கரண்ட் வேற போயிடும்.

பிறகு ஒரு டொக்டர் ஸ்க்ரீனை மேசையில இருந்து எடுத்து, கட்டிலுகளுக்கு நேர சுவரில கொழுவுவிச்சார். எனக்கு அதுதான் பெரிய மாற்றம். அதுவரைக்கும் டைப் பண்ணுற ஆளுக்கு மட்டும் தெரிஞ்ச விசயம் இப்ப எல்லாருக்கும் தெரியுது.

காலபோக நெல் வெட்டு நேரம் பாருங்கோ, புடையன் பாம்பு கடிச்சு ஆக்கள் வருவினம். ரத்தம் உறையுதோ எண்டு பாக்க ரெண்டு மில்லி எடுத்து காய்ஞ்ச கண்ணாடிக் குழாயில விட்டு 20 நிமிசம் ஆட்டாமல் வைக்கோணும், பிறகுதான் சரிச்சுப் பாக்கிறது. உறையாட்டி விசமுறிவு மருந்து. முந்தி அந்த 20 நிமிசமும் ரத்தம் எடுத்த மிஸ்ஸியின்ர (நேர்ஸின்ர) மண்டைக்குள்ளதான் இருக்கும், அவ வேற கட்டிலுக்கு ஓடினால் ஆரும் வந்து இடையில சரிச்சுப் பாத்துக் குழப்பிப்போடுவினம், திரும்பப் புது ரத்தம், திரும்ப 20 நிமிசம். இப்ப எடுத்த நேரத்தை அடிச்சால் ஸ்க்ரீனில எண்ணத் துவங்கும். கட்டில் தள்ளுற அண்ணைகூட "மிஸ்ஸி, நேரம் சரி" எண்டு கூப்பிடுவார். மருந்து ஏத்த முதல் தோலுக்குக் கீழ போடுற அட்றனலினும் அப்பிடித்தான், "போட்டாச்சோ, போட்டாச்சோ" எண்டு மூண்டு பேர் கத்துறேல்லை.

1990 எண்ட நம்பருக்கு அடிச்சால் வாற அம்புலன்ஸ் 2018 இல வடக்குக்கு வந்தது பெரிய உதவி, ஆனால் அவை வழியில பாத்த பிரசரும் சுகரும் எங்கட சிஸ்டத்துக்குள்ள வராது, வாயால சொல்ல நாங்கள் அடிக்கோணும். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பேக்கையும் போன்தான். நான் சொன்னதை அந்தப் பக்கம் திருப்பிச் சொல்லுமட்டும் வைக்கமாட்டன், அதில கொஞ்சப் பேருக்கு என்னில கோவம்.

பாஸ்வேர்ட்தான் பெரிய தலையிடி. ஒவ்வொருத்தரும் சிஸ்டத்தில இருந்து வெளியில போய், தங்கட பாஸ்வேர்ட் அடிச்சு உள்ள வர நேரமில்லை, அதால காலமை ஆர் திறந்தவையோ அவையின்ர பேரிலயே நாள் முழுக்க ஓடும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நான் லீவில போய் கோயில் வீதியில விடிய விடிய நிண்ட இரவு, சிஸ்டத்தின்ர கணக்கில மூண்டு பேருக்கு ஊசி போட்டிருக்கிறன்.