கடலோரக் கல்யாண மேடை: பாதிப் பாதியா, வேளைக்கு ஒன்றா, ஒன்றுக்குள் ஒன்றா?

கல்யாண மேடையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் பெண் வீட்டில் இளஞ்சிவப்பு ரோஜா, வெள்ளை நெட் துணி, தொங்கும் மல்லிச் சரம் என்று ஆரம்பமாகும். மாப்பிள்ளைகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. திறந்தால் மரம், கயிறு, பித்தளை விளக்கு, அடர் நீலம் என்று வேறொரு பட்டியல் வரும். இரண்டுக்கும் மேடையில் இடம் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான், கல்யாணம் இருவருடையது. ஆனால் எப்படி இடம் கொடுப்பது? தேவிபட்டினத்திலிருந்து மூக்கையூர் வரைக்கும் நம் ராமநாதபுரம் கரையில் மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

முதலாவது, மேடையை நடுவில் பிரிப்பது. ஒரு பாதி அடர் நிறமும் மரப்பலகையும், மறு பாதி மென்னிறமும் பூவும். வரைந்து காட்டும்போது எல்லோருக்கும் பிடித்துப் போகும், யாருக்கும் குறையில்லை என்று தோன்றும். எனக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு நிறமும் சந்திக்கிற கோடு சரியாக மணமக்களின் தலைக்குப் பின்னால் விழுகிறது. எடுக்கிற அத்தனை படத்திலும் அந்த வெட்டு தெரியும். அப்புறம், தாலி கட்டியதும் பெண் இடம் மாறி உட்காரும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்போது அவள் பாதியில் அவனும் அவன் பாதியில் அவளும் இருப்பார்கள். ஒன்று சேருகிற நாளில் ஆளுக்கொரு பாகம் பிரித்துக் கொடுப்பதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

இரண்டாவது, வேளையைப் பிரிப்பது. வரவேற்புக்கு மாப்பிள்ளை ரசனை, முகூர்த்தத்துக்குப் பெண்ணின் ரசனை. ஒரே மண்டபம் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக மேடையைப் பிரித்துக் கட்ட வேண்டும், செலவும் இரட்டிப்பு. காலையில் தேவாலயம், மாலையில் வேறிடத்தில் வரவேற்பு என்று வைக்கிற பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து வீடுகளுக்கு இது சுலபம். ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமரும் கீழக்கரை நிக்காஹ் வீடுகளுக்கும் பொருந்தும். மற்றவர்களுக்குத் தேவையில்லாத அலைச்சல்.

மூன்றாவதுதான் என் தேர்வு. மேடையின் கட்டுமானம் ஒரு குணம், அதன் மேல் படர்வது இன்னொரு குணம். பனங்கை (பனை மரச் சட்டம்), மூங்கில், முறுக்கிய கயிறு, பின்னிய ஓலைத் தட்டி ஆகியவற்றால் உறுதியான எலும்புக்கூடு. பூ அதன்மேல், மணமக்கள் முகம் இருக்கும் உயரத்தில் மட்டும் அடர்த்தியாக. தூரத்தில் பார்ப்பவருக்கு நேர்கோடுகள் தெரியும், பக்கத்தில் வருபவருக்குப் பூ தெரியும். எது அவனுடையது, எது அவளுடையது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

இது புதுசும் இல்லை. நம் பந்தல் வாசலைப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் வாழை, அதில் வளைந்து தொங்கும் குலையும் பூவும். கோடையில் நுங்குக் குலை கட்டுவோம். நுங்கு பெண் பனையில்தான் காய்க்கும், ஆண் பனையில் பாளை மட்டும் வரும். தட்டி பின்னுகிற ஓலைக்கு அந்தப் பேதம் கிடையாது. கயிறும் மரமும் ஆணுக்கு, பூ பெண்ணுக்கு என்று நாம் எழுதி வைத்திருக்கும் பேதமும் அப்படித்தான், உண்மையில் கிடையாது. தனியாகக் கேட்டுப் பாருங்கள், மல்லி வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லக்கூடும். தயவுசெய்து இருவரையும் கேளுங்கள். இரு வீட்டாரும் ஊகித்து முடிவு செய்வதில்தான் பாதி மேடைகள் கெடுகின்றன.

இந்தக் கரையில் மூன்றாவது வழிக்கு இன்னொரு பலம் காற்று. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிவப்பு சிக்னல் விழுந்து ரயிலை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காற்று அடிக்கும் ஊரில் நெட் துணியை மேடை முழுக்கக் கட்டினால் பாய்மரம் மாதிரி இழுக்கும். ஆவணி முகூர்த்தத்தின்போதும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முழுசாக ஓய்ந்திருக்காது. ஓலைத் தட்டியின் இடைவெளியில் காற்று புகுந்து வெளியேறிவிடும். துணி வேண்டும் என்றால் தலைக்கு மேலே குறுகிய பட்டையாக, இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டுங்கள்.

பூவிலும் தேர்வு உண்டு. மல்லி மொட்டு மாலையில் விரியும், ஆகவே வரவேற்புக்கு அழகு. காலை முகூர்த்தத்துக்குள் வாடிவிடும். தை மாதம் பனியால் வரத்து குறைந்து விலை கிலோ ஆயிரங்களில் போகும்போது மேடை முழுக்க மல்லி என்பது வீண். மேடைக்குச் சம்பங்கி, செவ்வந்தி, கோழிக்கொண்டை போதும், காற்றையும் வெயிலையும் தாங்கும். மல்லியைக் கழுத்துக்கும் கூந்தலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கோழிக்கொண்டையின் அடர் சிவப்பு, பனந்தட்டியின் பழுப்புக்குப் பக்கத்தில் நன்றாக எடுபடும். அந்த ஒரு நிறம் இருந்தால் மேடை மென்மையாகவும் இருக்கும், கம்பீரமும் குறையாது.

கடல் சாயலுக்காகப் பழைய வலை, மிதப்பு, கயிறு எல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். கேட்டால் கரையில் கொடுப்பார்கள். வலையை நன்றாகக் கழுவி இரண்டு நாள் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் மேடையில் மீன் வாசம். பவளம் மட்டும் வேண்டவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது தடை செய்யப்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி மிஞ்சியிருக்கும் பவளம் கடலிலேயே இருக்கட்டும்.

டெக்கரேஷன்காரரிடம் பேசும்போது படம் காட்டி "இது மாதிரி" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். சட்டகம் எதில், பூ எந்த உயரத்தில், துணி எவ்வளவு, காற்று வந்தால் எங்கே கட்டுவீர்கள் என்று நான்கையும் கேளுங்கள். நான்காவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவருக்கே அட்வான்ஸ் கொடுங்கள்.