வெளிநாட்டுல ஆர்க்கிடெக்சர் படிக்கப் பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க – எங்க வீட்டுல 3,85,000 போச்சு

பணம் திரும்ப வராதுன்னு நேத்து சாயந்திரம்தான் முடிவாத் தெரிஞ்சுது. மனசு ஆறலீங்க, அதனாலதான் உடனே எழுதறேன். கோயம்புத்தூர்ல இருக்கற ஒரு வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சி. பேரு இப்பப் போடல, விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகுது. அக்கா பையனுக்காகக் கட்டின பணம். மாமா மஞ்சள் வித்து வெச்சிருந்தது.

எப்படி நம்புனோம்னா, பையனோட ஸ்கெட்ச் நோட்டை அங்க ஆலோசனை சொல்ற கவுன்சிலர் கையில வாங்கி ஒவ்வொரு பக்கமாப் பொறுமையாத் திருப்புனாரு. எங்க ஊரு ஓட்டு வீட்டுத் திண்ணையை அவன் பென்சில்ல வரைஞ்ச பக்கத்துல நிறுத்தி, "அம்மா, இந்தக் கைக்கு இத்தாலி மிலான்லதான் இடம். நாட்டா நுழைவுத் தேர்வு மார்க்கெல்லாம் கேக்கவே மாட்டாங்க. நம்ம ஊருப் பையன், நான் பாத்துக்கறனுங்க"ன்னாரு. அக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அன்னைக்கே பதிவுக் கட்டணம் 60,000. போர்ட்ஃபோலியோ, அதாவது கல்லூரிக்குக் காட்டற வரைபடத் தொகுப்பு, செஞ்சு தர 85,000. அப்புறம் சீட்டை முன்னாடியே புடிச்சு வெக்கற "யுனிவர்சிட்டி சீட் பிளாக்கிங்"னு 2,40,000. மொத்தம் 3,85,000.

கடைசியா வந்த அட்மிஷன் லெட்டரை வரி வரியாப் படிச்சோம். அது பல்கலைக்கழகமே இல்லீங்க, ஒரு தனியார் நிறுவனம். படிப்பு 6 வாரம், கோடைகால டிசைன் வகுப்பு. முடிவுல தர்றது பங்கேற்புச் சான்றிதழ். டிகிரி இல்ல, ஒரு செமஸ்டர்கூட இல்ல. கேட்டா, "குறுகிய கால விசால போங்க, அங்க போயி ஸ்டூடன்ட் விசாவா மாத்திக்கலாம்"ங்கறாங்க. இத்தாலி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசான்னா 180 நாள்ல 90 நாள்தான் இருக்க முடியும், அதை நம்பி டிகிரி படிக்கக் கெளம்ப முடியாது. இத்தாலில டிகிரி படிக்கறதா இருந்தா யுனிவர்சிட்டாலிங்கற அந்த நாட்டு அரசு இணையதளத்துல முன்பதிவு பண்ணி, அதைப் பல்கலைக்கழகம் சரிபார்த்து ஒப்புதல் தந்த பின்னாலதான் நீண்ட கால டி விசாவுக்கே போகணும். அந்த முன்பதிவுக்குக் கட்டணம் கிடையாது. எங்க பையன் பேருல அங்க ஒரு பதிவும் இல்ல. இவங்க சொன்ன பல்கலைக்கழகத்தோட அட்மிஷன் ஆபீசுக்கே அவன் மெயில் போட்டான். அப்படி ஒரு விண்ணப்பமே வரலைன்னு பதில் வந்துது.

85,000 வாங்கின போர்ட்ஃபோலியோவைப் பாத்தப்பத்தான் வயிறு எரிஞ்சுது. கட்டட வேலை தெரிஞ்ச யாரு பாத்தாலும் ஒரு நிமிசத்துல சொல்லிருவாங்க. "பொள்ளாச்சியில் ஒரு வீடு"ன்னு தலைப்பு, கூரை மேல பனி வழியற சரிவு, அதுல புகைபோக்கி. எங்கியோ இறக்குன 3டி படத்துக்கு மேல நம்ம ஊரு பேரை ஒட்டியிருக்காங்க. கட்டடத்தை வெட்டிக் காட்டற செக்‌ஷன்ல தளத்துக்குத் தளம் 3 மீட்டர் உயரம்னு போட்டிருக்கு, படி ஒண்ணு 150 மில்லிமீட்டர். அப்ப 20 படி வரணும். வரைஞ்சிருக்கறது 11. அது 1,650 மில்லிமீட்டரோட நின்னு போகுது. இண்டர்வியூல ஒரு ஆசிரியர் இந்தப் படிக்கட்டைப் பத்தி ஒரு கேள்வி கேட்டாப் போதும், பையன் பேரு கெட்டிரும். அவன் கையால வரைஞ்ச திண்ணை அதுல ஒரு பக்கத்துலகூட இல்லீங்க.

நல்ல டிசைன் கல்லூரிகள் இந்த வழவழப்பைத் தேடறதே இல்ல. பையன் எதைக் கண்ணால பாத்தான், எப்படி அளந்தான், எங்க தப்புப் பண்ணித் திருத்துனான்னு தெரியணும். டேப் புடிச்சு அளந்த ஒரு வீட்டோட பிளானும் செக்‌ஷனும், பக்கத்துலயே ஸ்கேல், வடக்குக் குறி. அட்டையில செஞ்ச மாடலை மூணு கோணத்துல எடுத்த போட்டோ. முதல் ஸ்கெட்ச்சுல இருந்து முடிவு வரைக்கும் மாறுன படிகள். எத்தனை பக்கம், என்ன சைஸ்னு ஒவ்வொரு கல்லூரியும் தன் தளத்துலயே போட்டிருக்கும், அதை மீறக்கூடாது. இதையெல்லாம் பையன்தான் செய்யணும். காசு குடுத்து வாங்கற சாமான் இல்ல.

பணத்தைத் திருப்பிக் கேட்டு நாலு மாசமா நடக்கறோம். முதல்ல "சார் மீட்டிங்ல இருக்காருங்க." அப்புறம் "இந்த இன்டேக் போனா அடுத்த இன்டேக்." அப்புறம் "ஹெட் ஆபீஸ் அப்ரூவலுக்கு அனுப்பியிருக்கோம்." நேத்து அந்தக் கவுன்சிலரே வெளிய வந்து, "பில்லுல சர்வீஸ் சார்ஜ்னுதான் இருக்கு, ரீஃபண்ட் கிடையாதுங்க"ன்னுட்டு உள்ள போயிட்டாரு. எடுத்துப் பாத்தா ஆமா, 3,85,000-க்கும் சேர்த்து ஒரே வரி, சர்வீஸ் சார்ஜ். சீட்டுங்கற வார்த்தையே அதுல இல்ல. வாங்கறப்பவே படிச்சிருக்கணும்.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

காலேஜ் ஃபீஸை ஏஜென்சி கணக்குல போடாதீங்க. உங்க பேங்க்ல வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பற ஏ2 ஃபார்ம் குடுத்து, பல்கலைக்கழகத்தோட கணக்குக்கே நேரா அனுப்புங்க. அந்தக் கணக்கு எண்ணைத் தர மாட்டேன்னு இழுத்தாங்கன்னா எந்திரிச்சு வந்துருங்க.

இந்தியாவுல ஆர்க்கிடெக்ட்னு பேருக்கு முன்னால போடணும்னா 1972-ஆம் வருசச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு வேணும். இங்க பி.ஆர்க் 5 வருசம். நீங்க போற வெளிநாட்டு டிகிரியை இங்க ஏத்துக்குவாங்களான்னு கவுன்சில்லயே எழுத்துல கேளுங்க, ஏஜென்சிகிட்டக் கேக்காதீங்க.

ஜெர்மனின்னு சொன்னா முதல்ல, நம்ம படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தர்ற ஏபிஎஸ் சான்றிதழைப் பத்திக் கேளுங்க. இங்கிருந்து அங்க ஸ்டூடன்ட் விசாவுக்குப் போறவங்களுக்கு அது இல்லாம ஆகாது. இளங்கலை ஆர்க்கிடெக்சர் பெரும்பாலும் ஜெர்மன் மொழிலதான் நடத்தறாங்க. மொழி வேண்டாம்னு சொல்றவங்களை நம்பாதீங்க.

ஆன்லைன்ல அனுப்பிப் பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்புடுங்க. நுகர்வோர் புகாருக்கு 1915.

திங்கக்கிழமை பில்லு, லெட்டர், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துட்டு ஆணையத்துக்குப் போறோம். இதே மாதிரி "சீட் பிளாக்கிங்"னு கட்டுன பெத்தவங்க ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கம் யாராவது இருந்தா பில்லைத் தூக்கிப் போட்டுராதீங்க, பத்திரமா வெச்சிருங்க.