கண்மாய்க்கரைக்கு 8×42 பைனாகுலர்

பங்குனியில் மதுரைப் பக்கம் பறவை பார்க்க 10×50 வாங்காதீர்கள், 8×42 பைனாகுலரே சரி. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மி.மீ.யில். 10 மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். ஆலமரத்து இலைக்குள் தாவும் மாங்குயிலைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். 42ஐ 8ஆல் வகுத்தால் வரும் 5.25 மி.மீ.தான் கண்பக்கம் வெளிவரும் ஒளிவட்டத்தின் அகலம், விடியற்கால மங்கலுக்கு அது தாராளம்.

"படம் மங்குது" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் பலர் வலக்கண் பக்கம் தனியே திருகும் வளையத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். வலப்பக்க லென்ஸை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல் அந்த வளையத்தை மட்டும் திருப்புங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் இடத்து ரப்பர் குவளையை உள்ளே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் கறுக்கும்.

சாமநத்தம் கண்மாயில் வெயில் ஏறினால் கானல் எழும். நீலச்சிறகி என்ற வாத்தின் ஆணுக்குள்ள வெள்ளைப் புருவக்கோடு நெளிந்து கரைந்துவிடும். அது லென்ஸின் குற்றமில்லை. எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் அப்படித்தான். 6 மணிக்கே போய், சூரியன் முதுகுப்பக்கம் விழும்படி கிழக்குக் கரையில் நில்லுங்கள்.

கூடவே வரும் கழுத்துவார் தண்டம். 650 கிராம் கனத்துக்கு அந்த மெல்லிய பட்டை கழுத்தை அறுக்கும். அகல வார் தனியாக வாங்குங்கள். லென்ஸில் புழுதி படிந்தால் வேட்டி நுனியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். முதலில் அமுக்கினால் காற்றடிக்கும் ரப்பர் பந்தால் மணலை ஊதித் தள்ளிவிட்டு, அப்புறம்தான் துணி.