மாற்றச் சொல்லும் முன் சோதித்துப் பார்க்கும் பட்டறை: புதுச்சேரியில் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் பழுது

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு ஒன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாமல், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலைகளை மட்டும் எடுத்துச் செய்யும் ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. அந்தப் பகுதியில் கியர்பாக்ஸ் ஷெட் எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள். இரட்டைக் கிளட்ச் வகைக் கார் வைத்திருப்பவர்கள் கியர் சேராமல் தவிக்கும்போது, எதையும் மாற்ற ஒப்புக்கொள்வதற்கு முன் ஒருமுறை வண்டியை இங்கே காட்டிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் கார் ஏழு கியர் கொண்ட உலர் கிளட்ச் (கிளட்ச் எண்ணெயில் மூழ்காத) வகையைச் சேர்ந்தது. கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ஆலை அருகிலுள்ள ரயில்வே கேட்டில் நெடுநேரம் ஊர்ந்து நின்ற ஒரு நாளில், மீட்டரில் கியர் எழுத்துகள் விட்டுவிட்டு மின்னத் தொடங்கின. ரிவர்ஸ் போடவே முடியவில்லை. முன்னோக்கி மட்டும் 1, 3, 5 என்று தாவித்தாவிச் சென்றது. இஞ்சினை அணைத்துச் சற்று நேரம் கழித்துக் கிளப்பினால் எல்லாம் சரியாகிவிடும், கியர்பாக்ஸ் பெட்டி சூடேறியதும் மறுபடியும் அதே தொல்லை வரும். நிறுவன அங்கீகாரம் பெற்ற சேவை மையம் ஒன்றில் ஸ்கேனரை இணைத்து, பழுதைக் குறிக்கும் குறியீட்டை (கோடு) படித்து, மெக்கட்ரானிக் யூனிட் (பெட்டியை இயக்கும் கம்ப்யூட்டரும் எண்ணெய் அழுத்த வால்வுகளும் சேர்ந்த பகுதி) முழுவதையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும் அந்தச் செலவுக்கு ஆதாரமாக அந்தக் கோடு அச்சிட்ட ஒரே ஒரு தாளைத் தவிர வேறு எந்தச் சோதனையும் காட்டப்படவில்லை.

இந்த இடத்தில் பெட்டியின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். உள்ளே இரண்டு கிளட்ச்சுகள் உண்டு: ஒன்று ஒற்றைப்படைக் கியர்களையும், மற்றொன்று இரட்டைப்படைக் கியர்களையும் ரிவர்ஸையும் இயக்குகிறது. கியர்களைச் சேர்ப்பவை நான்கு ஃபோர்க்குகள். 1-3, 2-4, 5-7, 6-ரிவர்ஸ் என்று ஒவ்வொன்றும் இரண்டு கியர்களைக் கவனித்துக்கொள்கிறது. மெக்கட்ரானிக்கில் உள்ள பிஸ்டன்கள் எண்ணெய் அழுத்தத்தால் ஃபோர்க்குகளைத் தள்ளுகின்றன. ஒவ்வொரு ஃபோர்க்கிலும் ஒரு காந்தம் பொருத்தப்பட்டிருக்க, அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை மெக்கட்ரானிக்கில் இருக்கும் சென்சார் அளந்து சொல்கிறது. ஒரு ஃபோர்க் கட்டளைப்படி போய்ச் சேரவில்லை என்றால், கம்ப்யூட்டர் அந்த ஒற்றைப்படை அல்லது இரட்டைப்படைப் பாதியை முழுவதுமாக முடக்கிவிட்டு மறு பாதியில் வண்டியை ஓட்டும். எனவே ரிவர்ஸ் போய்விட்டது என்ற ஒரே அறிகுறிக்குப் பின்னால் கியர் லிவர், ஒயரிங், அழுத்தக் குறைவு, சென்சார், ஃபோர்க் என்று பல காரணங்கள் இருக்க முடியும். பி072பி முதலான கோடுகள் எந்தக் கியரில் சிக்கல் என்பதை மட்டுமே சொல்கின்றன. சிக்கலுக்குக் காரணம் எது என்பதை அவை சொல்வதில்லை.

பட்டறையின் மேஸ்திரி இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போன முறைக்காகத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முதலில் கியர் லிவரைப் பார்த்தார். சாவியைத் திருப்பி, இஞ்சினைக் கிளப்பாமலேயே லிவரை ஒவ்வொரு நிலைக்கும் மெதுவாக நகர்த்தி, ஸ்கேனர் திரையிலும் மீட்டரிலும் அதே எழுத்து தவறாமல் வருகிறதா என்று சரிபார்த்தார். ‘பார்க்’ என்ற நிறுத்தும் நிலையில் வைத்த பிறகும் சாவி வெளியே வர மறுத்தாலோ, லிவரைப் பார்க்கில் வைக்கச் சொல்லும் எச்சரிக்கை போகாமல் இருந்தாலோ, லிவருக்குள் இருக்கும் சிறிய ஸ்விட்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கினார். எங்கள் வண்டியில் லிவரில் குறை ஏதுமில்லை.

அடுத்து, “மொதல்ல எர்த் பாக்கணும் சார், கடலோரத்து வண்டி” என்று சொல்லிக்கொண்டே பேட்டரித் தட்டைக் கழற்றினார். உப்புக்காற்று படும் ஊர்களில் பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே உள்ள எர்த் ஒயரின் முனை பச்சையாகப் பூத்துப்போவது வழக்கம். எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது. அதைச் சுரண்டித் துடைத்து இறுக்கி, மல்டிமீட்டரில் அளந்த பிறகும் பழுது தொடர்ந்ததால் அழுத்தச் சோதனைக்குப் போனார். இந்த வகைப் பெட்டியில் பம்ப் எண்ணெயை ஏறத்தாழ 60 பார் (அழுத்தத்தின் அலகு) வரை ஏற்றிவிட்டு நின்றுவிடும். அழுத்தம் 40 பார் அளவுக்கு இறங்கியதும் மீண்டும் ஓடும். அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் பொருந்தியுள்ள இடத்தில் அலுமினியக் கூடு விரிசல் விடுவது இந்தப் பெட்டிகளில் பலரும் அறிந்த குறை. விரிசல் இருந்தால் பம்ப் ஓயாமல் ஓடும், அழுத்தக் குறைவைக் குறிக்கும் பி189சி என்ற கோடு தலைகாட்டும். எங்கள் வண்டியில் அழுத்தம் நிதானமாக ஏறி, நிதானமாகவே இறங்கியது. அப்போதே மெக்கட்ரானிக்கின் மீதான பெரும் சந்தேகம் நீங்கிவிட்டது.

பிறகு நான்கு ஃபோர்க்குகளின் நகர்வையும் திரையில் ஒன்றாக வைத்துக் காட்டினார். மற்ற மூன்றும் நடுநிலையில் பூஜ்யத்தை ஒட்டி நின்று, கியர் சேரும்போது ஒரே வீச்சில் உரிய மில்லிமீட்டருக்குப் போய் அசையாமல் இருந்தன. 6-ரிவர்ஸ் ஃபோர்க் மட்டும் ரிவர்ஸ் பக்கம் பாதி வழியில் தயங்கி, எண்கள் நடுங்கி, திரும்பிவிட்டது. சென்சார் பழுதென்றால் எண் திடீரென அறுந்து காணாமல் போவதும் உண்டு. பாதி வழியில் தயங்குவது இரும்பு இடறுவதன் அடையாளம் என்பது அவருடைய கணிப்பு. அதை அப்படியே நம்பச் சொல்லாமல், கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துக் காந்தத்தை அதில் முக்கிக் காட்டினார். காந்தத்தின் நுனியில் துகள்கள் மீசை முளைத்ததுபோல் நின்றன. இந்தப் பெட்டியில் பல்சக்கரங்களுக்கான எண்ணெயும் மெக்கட்ரானிக்கின் எண்ணெயும் தனித்தனி என்பதால், அந்தத் துகள்கள் மெக்கட்ரானிக்கின் வால்வுகளுக்குள் போயிருக்க வாய்ப்பில்லை. பழைய மெக்கட்ரானிக்கையே வைத்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு இதுவே அடிப்படை.

மெக்கட்ரானிக்கை, பெட்டியை இறக்காமலேயே கழற்ற முடியும். கழற்றியதும் தெரிந்த துவாரம் வழியாக மேஸ்திரி ஒவ்வொரு ஃபோர்க்கையும் கையால் அசைத்துக் காட்டியபோது, 6-ரிவர்ஸ் தண்டு மட்டும் பக்கவாட்டில் ஆடியது. பெட்டியை இறக்கிப் பிரித்ததும் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது: அந்தத் தண்டைத் தாங்கும் சிறிய பால் பேரிங்கின் கூடு உடைந்து, குண்டுகளில் சில அடியில் உதிர்ந்து கிடந்தன. நல்ல வேளையாக அவை பற்களுக்கிடையே சிக்கியிருக்கவில்லை. அந்த ஃபோர்க்கையும் பேரிங்குகளையும் மாற்றி, உள்ளே முழுவதும் கழுவி, புதிய எண்ணெய் ஊற்றி மூடினார்கள்.

எண்ணெய் விஷயத்தில் அவர்கள் காட்டிய கண்டிப்பைத் தனியாகப் பாராட்ட வேண்டும். 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி கொண்ட சுமார் 16 லட்சம் கார்களை உலகெங்கும் திரும்ப அழைத்துச் செயற்கை எண்ணெய்க்குப் பதிலாகக் கனிம எண்ணெய் நிரப்பியது. வெயிலும் புழுக்கமும் மிகுந்த இடங்களில் நின்று நின்று ஓடும் வண்டிகளில் மின்கோளாறு வரக்கூடும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். புதுச்சேரியில் நாம் ஓட்டுவது அதே நிலைமையில்தான். எண்ணெய் டப்பாவில் உள்ள குறியீட்டு எண்ணை, தயாரிப்பாளர் குறிப்போடு ஒப்பிட்டுக் காட்டிவிட்டே ஊற்றினார்கள்.

கடைசி வேலை அடிப்படை அமைப்பு. லிவர் பார்க்கில் இருக்க, பிரேக்கை மிதித்தபடி, இஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஸ்கேனர் வழியாகக் கட்டளை கொடுத்தால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃபோர்க்கின் எல்லையையும் கிளட்ச் பிடிக்கும் புள்ளியையும் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. அப்போது பெட்டிக்குள் டக் டக் என்று ஓசை கேட்பது இயல்பு. இதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்தால் நல்ல ஃபோர்க்கும் குலுங்கும், பழுது தீரவில்லை என்றே தோன்றும். இது முடிந்த பின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு தாண்டி, எல்லாக் கியர்களும் ஏறி இறங்கும்படி ஓட்டிக் காட்டினார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. சொன்ன தேதியில் வண்டி கிடைக்கவில்லை. உதிரிபாகம் வர வேண்டியிருந்தது என்பது உண்மைதான் என்றாலும், தாமதத்தை அவர்களே அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பெட்டியைத் திறக்கும் முன் மதிப்பீட்டை வாய்மொழியாகவே சொல்கிறார்கள், வற்புறுத்தினால் மட்டும் எழுதித் தருகிறார்கள். இவ்வளவு நேர்மையாகச் சோதிப்பவர்கள் அந்த நேர்மையைத் தாளிலும் வைக்கத் தயங்கத் தேவையில்லை. மொத்தச் செலவு, மெக்கட்ரானிக்கை மாற்றச் சொன்ன மதிப்பீட்டில் பாதிக்கும் குறைவாகவே வந்தது.

எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்ட ஆறு கியர் பெட்டிகளை இவர்கள் எடுப்பதில்லை. அதற்குரிய கருவிகள் தங்களிடம் இல்லை என்று முதலிலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். உலர் கிளட்ச்சிலும், எண்ணெய் அழுத்தத்துக்குப் பதிலாக மின்மோட்டார்களால் ஃபோர்க்கை நகர்த்தும் வகை ஒன்று உண்டு. அதற்கு மேலே சொன்ன அழுத்தச் சோதனை பொருந்தாது என்பதால், போகும் முன் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டு செல்லுங்கள். ரிவர்ஸ் போன நிலையில் பட்டறைக்கு ஓட்டிப்போக நேர்ந்தால், பின்னால் எடுக்க வேண்டியிராத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள், பழுதுக் கோடை ஸ்கேனரில் யாரையும் அழிக்க விடாதீர்கள். வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த ஃபோர்க் நகர்வு அளவுகளை அச்சிட்டுக் கேளுங்கள்; கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள்.