வெட்டி எடுப்பதா, திறந்து தைப்பதா?

குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் குரோன் நோயால் சிறுகுடலில் தழும்பேறிக் குறுக்கம் விழுந்துவிட்டால் மருந்தால் அது விரியாது. பலூன் கொண்டு விரிப்பது, எண்டோஸ்கோப் எட்டும் இடத்திலுள்ள, ஏறத்தாழ 5 செ.மீ.க்கு மிகாத குறுக்கங்களுக்கே பொருந்தும். எனக்கு அது வாய்க்காததால் அதைப் பற்றி அனுபவமாகச் சொல்ல ஏதுமில்லை. குறுகிய பகுதியை வெட்டி நீக்குவது, எதையும் நீக்காமல் குறுக்கத்தைத் திறந்து தைக்கும் ஸ்ட்ரிக்சர்பிளாஸ்டி ஆகிய இரண்டையும் பட்டு அறிந்திருக்கிறேன்.

முதல் அறுவையில் சிறுகுடலின் கடைசி 40 செ.மீ. போயிற்று. அடைப்பு உடனே தீர்ந்தது உண்மைதான். ஆனால் வைட்டமின் பி12-ஐயும் பித்த உப்புகளையும் உறிஞ்சும் பகுதி அதுவே என்பதால், ஊசி போடும் நாளை நாட்காட்டியில் வட்டமிடுவதும், சாப்பிட்ட கையோடு கழிவறைக்கு ஓடுவதும் வழக்கமாகிவிட்டன.

ஏழு ஆண்டுகள் கழித்து மேலே நான்கு இடங்களில் குறுக்கம் தெரிந்தபோது, மிச்சமிருக்கும் நீளம் ஒன்றையே கணக்கில் கொண்டேன். வெட்டினால் நோய் அத்தோடு ஒழிந்துவிடும் என்றால் தயங்கியிருக்க மாட்டேன். குரோன் திரும்ப வரும் நோய், அதுவும் பெரும்பாலும் வெட்டி இணைத்த இடத்தை ஒட்டியே வரும். ஒவ்வொரு முறையும் வெட்டுவது கைம்முதலை எடுத்துச் செலவழிப்பது போன்றது. சிறுகுடல் 200 செ.மீ.க்குக் கீழே போனால், இரத்தக்குழாய் வழியாகவே ஊட்டம் ஏற்றிக்கொள்ள வேண்டிய நிலை வரலாம்.

மருத்துவர் ஸ்கேன் உறையின் பின்புறம் வரைந்து காட்டினார்: குறுக்கத்தின் மேல் நீளவாக்கில் ஒரு கீறல், அதையே குறுக்குவாக்கில் தையல். சுமார் 10 செ.மீ. வரையிலான குறுக்கத்துக்கு இது போதும்; நீண்டவற்றுக்குக் குடலை மடித்தோ பக்கவாட்டில் இணைத்தோ தைக்கும் முறைகள் உண்டு. குடல் காசநோய்க் குறுக்கங்களுக்கு இதைச் செய்து இந்திய அறுவை மருத்துவர்கள் 1977-இல் எழுதினார்கள்; குரோன் நோய்க்குக் கையாண்டதை ஆக்ஸ்போர்டின் அறுவை மருத்துவர் லீ 1982-இல் எழுதினார்.

நோயுற்ற சுவரை உள்ளேயே விட்டுவிடுகிறோமே என்ற அச்சம் எனக்கும் இருந்தது. அரிதாக அங்கே புற்று ஒளிந்திருக்கலாம் என்பதால், சந்தேகமான இடத்தில் திசு எடுத்துப் பார்ப்பார்கள். துளை, சீழ்க்கட்டி, கடும் ஊட்டக்குறைவு இருந்தால் இம்முறை ஆகாது. என் நான்கில் ஒன்றன் அருகே சீழ் கட்டியிருந்ததால் அந்த 8 செ.மீ.யை வெட்டியே ஆகவேண்டியிருந்தது.

மற்ற மூன்றும் மூன்று ஆண்டுகளாக அடைக்கவில்லை. பத்தாண்டு கழித்து எப்படியிருக்கும் என்று இப்போதே என்னால் உறுதி கூற முடியாது. மிச்சக் குடலை அளந்து அறுவை அறிக்கையில் எழுதித் தருமாறு முன்கூட்டியே கேட்டிருந்தேன்: 290 செ.மீ.